மிசூரி வாக்காளர் எந்தப் பக்கம்?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க அரசியலில் நடுநிலை பற்றிப் பேச வரச் சொன்னார்கள். சரி என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் சிக்கல் புரிந்தது. அந்த நாட்டில் நடு எங்கே இருக்கிறது என்பதிலேயே சண்டை ஓயவில்லை, இதில் அங்கே நிற்பவரை எங்கே போய்த் தேடுவது?

ஓர் எண்ணிலிருந்து தொடங்குகிறேன். 91. ஐசனோவர் அதிபராக இருந்த 1950களில் வருமான வரியின் உச்ச விகிதம் 91 சதவீதம். யாரும் மொத்தச் சம்பளத்திலும் 91 கட்டவில்லை, ஒரு பெரிய தொகைக்கு மேல் வருகிற பணத்துக்கு மட்டும்தான், அதிலும் தப்பிக்க ஓட்டைகள் ஏராளம். இருந்தாலும் சட்டத்தில் இருந்த எண் அதுதான், அந்த அதிபரோ வலதுசாரிக் குடியரசுக் கட்சிக்காரர், போர்த் தளபதியாக இருந்தவர், இடதுசாரி என்று அவரை யாரும் சொல்ல முடியாது. இன்றைக்கு அந்த உச்ச வரி 37 சதவீதம். அதை 39.6 ஆக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சி அதிபராக இருந்த பைடன் சொன்னதற்கே சோஷலிசம் வந்துவிட்டது என்று கூச்சல் எழுந்தது. 2015இல் ஒரு விவாத மேடையில், தன்னைச் சோஷலிஸ்ட் என்றே சொல்லிக்கொள்ளும் அரசியல்வாதி பெர்னி சாண்டர்ஸ், ஐசனோவரோடு ஒப்பிட்டால் நான் அப்படியொன்றும் பெரிய சோஷலிஸ்ட் இல்லை என்று சொல்ல, அரங்கமே சிரித்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை 1970இல் தொடங்கியதும், மறு வருடம் சம்பளத்தையும் விலைவாசியையும் அரசாணை போட்டு உறைய வைத்ததும் அதிபர் நிக்சன். அவரும் குடியரசுக் கட்சிதான்.

இதையெல்லாம் அடுக்கி வைத்துவிட்டு, பார்த்தீர்களா, நடு என்பது எவ்வளவு தூரம் வலப்பக்கம் போய்விட்டது என்று இடதுசாரி நண்பர் கேட்பார். பேச்சில் தப்பில்லை.

ஆனால் எதிர்ப்பக்கத்து ஆளும் வெறுங்கையோடு வரவில்லை. ஒரே பாலினத் திருமணத்தை மத்திய அரசு அங்கீகரிக்காது என்ற சட்டத்தில் 1996இல் கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் கிளிண்டன். 2008இல் ஒபாமாகூட திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் என்றுதான் சொன்னார், 2012இல் மாற்றிக்கொண்டார், 2015இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அதை உரிமையாக்கியது. 1996இல் கிளிண்டன் சொன்னதையே இன்றும் சொல்கிற ஒருவரைத் தீவிரவாதி மாதிரி பார்க்கிறார்கள். நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், தரைதான் நகர்ந்துவிட்டது என்கிறார் அவர். அவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் வரியை வைத்து அளக்கிறார், மற்றவர் திருமணத்தை வைத்து அளக்கிறார், இரண்டு பேரும் அளந்து முடித்ததும் அதற்கு நடு என்று ஒரே பேர் வைக்கிறார்கள்.

நாடாளுமன்றத்தில் ஒரு நடு உண்டு, அதையாவது விரல் வைத்துக் காட்டலாம். (அங்கே நாடாளுமன்றத்துக்குப் பேர் காங்கிரஸ், நம்ம ஊர் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 2021, 22இல் அதன் மேலவையான செனட் சபை கட்சிக்கு ஐம்பது என்று பிளந்து கிடந்தபோது, பைடனின் கட்சியைச் சேர்ந்த மேற்கு வர்ஜீனியா உறுப்பினர் ஜோ மேன்சின் தலையசைக்காமல் பைடனின் பெரிய திட்டம் எதுவும் நகரவில்லை. பத்திரிகைகள் அவரை நடுநிலைவாதி என்றன. அந்தச் சபைக்கு அவர் நடுதான், சந்தேகமில்லை. ஆனால் ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் நாலு கோடியை நெருங்கும் கலிபோர்னியாவுக்கும் ஆளுக்கு இரண்டு இடம் தருகிற சபை அது. அதன் நடுவே நாட்டுக்கும் நடு என்று எடுத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

மக்களையே கேட்டுவிடலாமே என்றால், கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் பல வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 1992இல் தங்களை மிதவாதி என்று சொன்னவர்கள் சுமார் 43 சதவீதம், 2024இல் 34. மிதவாதி என்று சொன்னால் எல்லாவற்றிலும் அளவோடு நிற்பவர் என்று நினைத்துக்கொள்கிறோம். பல பேர் அப்படி இல்லை. பணக்காரர்களுக்கு வரியைக் கூட்டு என்பார், அதே மூச்சில் எல்லையை இழுத்து மூடு என்பார். ஒன்று இடது, ஒன்று வலது, கூட்டி இரண்டால் வகுத்தால் மிதவாதி! ஒரு கரண்டி பாயசமும் ஒரு கரண்டி வத்தக்குழம்பும் சாப்பிட்டவரை, மிதமான சுவை விரும்புபவர் என்று கணக்கெழுதுவது மாதிரி.

கருத்துக்கணிப்பை விடுங்கள், வாக்குச்சீட்டைப் பாருங்கள். அங்கே பல மாநிலங்களில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதே சீட்டில் சட்டங்கள் பற்றியும் வாக்கு கேட்பார்கள். புளோரிடாவில் 2020இல் குடியரசுக் கட்சியின் டிரம்ப் வென்றார், அதே நாளில் குறைந்தபட்சக் கூலியைப் படிப்படியாக மணிக்கு 15 டாலர் ஆக்கும் திருத்தம் கிட்டத்தட்ட 61 சதவீத வாக்கோடு நிறைவேறியது. அதே தேர்தலில் கலிபோர்னியா பைடனுக்கு 63 சதவீதம் கொடுத்தது, ஆனால் கல்லூரிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் இனத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்ற திட்டத்தை 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு மாநிலம், ஜனநாயகக் கட்சிக்கு நீல மாநிலம் என்று வரைபடத்துக்கு வண்ணம் பூசுகிறவர்கள் இதையெல்லாம் எங்கே ஒட்டுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மிசூரிதான். 2024 நவம்பரில் டிரம்புக்கு அங்கே 58 சதவீதத்துக்கு மேல் வாக்கு. கூலியை 15 டாலராக உயர்த்தி, உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பும் தரும் சட்டத்துக்கு ஏறக்குறைய அதே அளவு, 57க்கு மேல். கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பில் சேர்க்கும் திருத்தமும் சின்ன வித்தியாசத்தில் ஜெயித்தது. டிரம்புக்கும் வாக்களித்து, இந்த இரண்டில் ஒன்றுக்காவது ஆதரவு தந்தவர்கள் கணிசமாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். அந்த ஆளை இடது, வலது என்ற கோட்டில் எந்த இடத்தில் நிறுத்துவீர்கள்?

அடுத்த வருடமே, குடியரசுக் கட்சி பெரும்பான்மையில் இருக்கும் மிசூரி சட்டமன்றம் அந்த விடுப்புச் சட்டத்தை ரத்து செய்தது. 2025 ஆகஸ்ட் 28உடன் விடுப்பு உரிமை முடிந்தது. கருக்கலைப்பு விஷயத்தையும் மறுபடி மக்களிடமே அனுப்ப முடிவெடுத்தார்கள். இதையெல்லாம் செய்த உறுப்பினர்களில் பெரும்பாலோரை அங்கே அனுப்பி வைத்ததும் அதே 2024 நவம்பர் வாக்குச்சீட்டுதான்.