வேர் பிடிக்கிற மூன்று மாதம்

(பென்னாகரம் அருகே ஒரு சமுதாய வளைகாப்பில் ஓய்வுபெற்ற செவிலியர் பேசியது)

தாய்மார்களே, கூட வந்திருக்கும் மாமியார்மார்களே, வணக்கம்.

பசு கன்று போட்டால் நஞ்சு விழுகிறவரை நாய் அண்டாமல் காவல் இருக்கிறோம். விழுந்ததும் வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகிறோம். மாட்டு நஞ்சுக்கு இவ்வளவு மரியாதை செய்கிற நாம், நம் வயிற்றுக்குள் பிள்ளைக்கு உணவும் மூச்சும் ஊட்டுகிற நஞ்சுக்கொடியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பிரசவ அறையில் அதைக் கையில் ஏந்திப் பார்த்தவள் நான். மாதம் நிறைந்த நஞ்சு ஒரு சின்னத் தோசை அகலம் இருக்கும். குறுக்கே சுமார் 22 சென்டிமீட்டர், தடிமன் இரண்டரை, எடை ஏறக்குறைய அரைக் கிலோ. பிள்ளை பக்கம் வழவழவென்று, ரத்தக்குழாய்கள் வேர்போல ஓடும். தாய் பக்கம் கருஞ்சிவப்பாக, பாளம் பாளமாக இருக்கும். அந்தப் பாளங்களைத் தட்டில் விரித்து, எல்லாம் பொருந்துகிறதா என்று பார்ப்போம். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் உதிரப்போக்கு உயிரைக் குடித்துவிடும். வீட்டுப் பிரசவம் வேண்டாம் என்று நான் மல்லுக்கு நிற்பது இதற்குத்தான்.

பிள்ளை வளர வளரத்தான் நஞ்சும் வளரும் என்று நினைக்கிறோம். முந்துவது நஞ்சுதான் அம்மா! மூன்றாம் மாதத்தில் பிள்ளையைவிட அதுதான் கனம். 16, 17 வாரத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் சம எடை. பிறகு பிள்ளை தாண்டிப் போய், பிறக்கும்போது நஞ்சைப்போல் ஆறு மடங்கு இருக்கும். நட்ட கேழ்வரகு நாற்று முதலில் வேர் பிடித்துத்தானே தலை தூக்குகிறது? "வயிறு தெரியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று மருமகளை நிறுத்தி வைக்காதீர்கள். அதற்குள் வேர் பிடிக்கிற காலம் போய்விடும்.

வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்து தடித்திருக்கும் நஞ்சுக்கு, ஸ்கேனில் ஒரு தடிமன் கணக்கு உண்டு. எத்தனை வாரமோ, ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். 4 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரையா, ரத்தசோகையா, தொற்றா என்று மருத்துவர் தேடுவார். ரத்த அழுத்தம் ஏறிய தாய்க்கு நஞ்சு சிறுத்து, பிள்ளையும் எடை குறையலாம்.

ஐந்தாம் மாதத்தில் "நஞ்சு கீழே இருக்கு" என்று சொன்னால் அழ வேண்டாம். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரிய விரிய, பெரும்பாலும் மேலே ஏறிவிடும். 32 வாரத்தில் மறுபடி ஸ்கேன் பாருங்கள். இடையில் ரத்தம் பட்டால் மட்டும், பொழுது விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்கேன் தாள் கொண்டுவந்திருப்பவர்கள், வளையல் போட்டதும் இந்தப் பக்கம் வாருங்கள். உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.