ஏழே கேள்வியில் எண்ணைப் பிடிப்பது எப்படி? பைனரி சர்ச், பேப்பரும் பேனாவும் போதும்

[திரையில்: 1 முதல் 100 வரை ஒரு எண்கோடு]

உங்க ஃப்ரெண்ட் 1-லேர்ந்து 100-க்குள்ள ஒரு நம்பர் நினைச்சிருக்காங்க. நீங்க ஒரு நம்பர் சொன்னா, "நான் நினைச்சது பெருசு", "சின்னது", "அதேதான்", இந்த மூணுல ஒண்ணுதான் பதில். 1, 2, 3-னு வரிசையா கேட்டா 100 தடவை வரைக்கும் போகலாம். ஒவ்வொரு தடவையும் நடு நம்பரைக் கேட்டா ஏழுக்குள்ள முடிஞ்சிடும். இதுதான் பைனரி சர்ச்.

நினைச்சது 73-னு வைங்க. 50, பெருசு. 75, சின்னது. 62, பெருசு. 68, பெருசு. 71, பெருசு. 73, அதேதான். ஆறே கேள்வி. ஒவ்வொரு பதிலும் மிச்சத்துல பாதியைத் தூக்கி எறியுது. அதனாலதான் 10 லட்சம் நம்பருக்கும் 20 கேள்வி போதும். 100 கோடிக்கு 30. ஆனா நீங்க தேடுற லிஸ்ட் ஏறுவரிசையில இருக்கணும். கலைஞ்சு கிடந்தா எந்தப் பாதியை எறியறதுன்னே தெரியாது.

[திரையில்: கீழ், நடு, மேல் என்று மூன்று பெட்டிகள்]

இதை ப்ரோக்ராமா எழுத மூணு வேரியபிள், அதாவது எண்ணைப் போட்டு வைக்கிற பெட்டி, வேணும்: கீழ், நடு, மேல். பைத்தான் 3-ல தமிழ்லயே பேர் வைக்கலாம், தாராளமா வைங்க. கீழ் 1, மேல் 100. கீழ், மேலை விடச் சின்னதாவோ சமமாவோ இருக்கிற வரைக்கும் லூப் (திரும்பத் திரும்ப ஓடற பகுதி) ஓடணும். உள்ளே, ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா நடு. இங்க இரட்டைச் சாய்வுக்கோடு (//) போடுங்க; தசமம் வராது. பதில் "பெருசு"ன்னா கீழ் = நடு + 1. "சின்னது"ன்னா மேல் = நடு - 1.

அந்த + 1-ஐத்தான் நிறைய பேர் விட்டுடுவாங்க. விட்டா என்ன ஆகும்? 73-ஐத் தேடினா ஏழாவது தடவையில சரியா கிடைச்சிடும்! எல்லாம் சரின்னு நம்பிடுவீங்க. இப்போ 74-ஐத் தேடுங்க.

[திரையில்: கீழ் 73, மேல் 74]

73-ம் 74-ம் 147, பாதி 73. "பெருசு". கீழ் மறுபடி 73. நடு மறுபடி 73. எரர் எதுவும் வராது, லூப் நிக்கவே நிக்காது. கண்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தித்தான் நிறுத்தணும்.

இன்னொரு தப்பு, லூப் கண்டிஷன்ல "சமம்" விட்டுப்போறது. + 1 சரியா போட்டிருந்தாலும் அப்பவும் 74 மாட்டிக்கும்: கீழும் மேலும் 74 ஆனதும், அதைப் பாக்காமலே லூப் முடிஞ்சிடும்.

இது கத்துக்குட்டிகளுக்கு மட்டும் வர்ற தப்புன்னு நினைக்காதீங்க. ஜாவாங்கிற ப்ரோக்ராமிங் மொழியோட சொந்த லைப்ரரியில இருந்த பைனரி சர்ச்லயே ஒரு பிழை இருந்ததை 2006-ல, அதை எழுதின ஜோஷுவா பிளாக்கே வெளியில சொன்னார். லிஸ்ட் ரொம்பப் பெருசானா கீழ் + மேல், ஜாவா முழு எண்ணோட உச்சவரம்பான 2,147,483,647-ஐத் தாண்டி நெகட்டிவ் ஆயிடும். கீழோட, கீழுக்கும் மேலுக்கும் உள்ள இடைவெளியில பாதியைக் கூட்டினா அந்தச் சிக்கல் இல்லை. பைத்தான் முழு எண்ணுக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது.

கீபோர்டைத் தொடறதுக்கு முன்னாடி பேப்பர்ல மூணு நெடுவரிசை போடுங்க. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு வரி: கீழ், நடு, மேல். 1, 74, 100, அப்புறம் லிஸ்ட்லயே இல்லாத 101. இந்த நாலையும் கையால ஓட்டிப் பாருங்க. 101-க்கு எந்த வரியில கீழ், மேலைத் தாண்டுதுன்னு வட்டம் போட்டு வைங்க. "கிடைக்கலை"ன்னு ப்ரோக்ராம் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.