நெருப்பில்லாம புகையாது: விர்ச்சுவல் போட்டானும் பூட்டிக்கிடக்கிற லேபும்

தலைமை ஏத்திருக்கிற ஐயா அவர்களே, நூலக வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, எவ்வளவோ வேலைக்கு நடுவுல வந்து முன்வரிசைல உக்காந்திருக்கிற கவுன்சிலர் அம்மா அவர்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே, மைக்செட் தம்பி உட்பட எல்லாருக்கும் வணக்கம். விர்ச்சுவல் போட்டானப் பத்தி மூணு விஷயம் பேசப்போறேன்: லாம்ப் ஷிஃப்ட், வெற்றிடத்துல பக்கத்துல பக்கத்துல வெச்ச ரெண்டு உலோகத் தகட்ட ஒட்ட இழுக்கிற கேசிமிர் விசை, இன்னிக்கு நடக்கிற ஆராய்ச்சி.

ரெண்டு எலக்ட்ரான் ஒண்ணையொண்ணு தள்ளுதுல்ல, அந்தக் கணக்க போடும்போது நடுவுல ஒரு போட்டான், அதாவது ஒளித்துகள், கைமாறுறதா எழுதுவாங்க, அதான் விர்ச்சுவல் போட்டான், அது எந்த டிடெக்டர்லயும் வந்து விழாது. அப்ப அது நிஜமா, வெறும் கணக்கான்னு இயற்பியல்காரங்களுக்குள்ளயே வாதம் உண்டு. நான் சொல்றது ஒண்ணுதான், நெருப்பில்லாம புகையாது. அந்தப் புகைய அளந்தே பாத்துட்டாங்க.

1947, கொலம்பியா பல்கலைக்கழகம். வில்லிஸ் லாம்பும் ராபர்ட் ரெதர்ஃபோர்டும், போர்க்காலத்துல ராடாருக்காக வளந்த மைக்ரோவேவ் நுட்பத்த ஹைட்ரஜன் மேல திருப்பினாங்க. டங்ஸ்டன் உலைல ஹைட்ரஜன சூடாக்கி தனித்தனி அணுவா பிரிச்சு அளந்தா, எலக்ட்ரானுக்கு அப்ப இருந்த அடிப்படை விதியான டிராக் சமன்பாட்டுப்படி ஒரே ஆற்றல்ல இருக்கவேண்டிய ரெண்டு நிலைக்கு நடுவுல சுமார் 1000 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசம்! அதான் லாம்ப் ஷிஃப்ட். ஜூன் மாசம் ஷெல்டர் ஐலண்ட்ல பெரிய பெரிய ஆளுங்கல்லாம் கூடின கூட்டத்துல இதச் சொன்னதும் எல்லாருக்கும் தூக்கம் போச்சு. கூட்டம் முடிஞ்சு ஹான்ஸ் பெத்தேங்கிற இயற்பியல்காரர் நியூயார்க்லேர்ந்து ஸ்கெனெக்டடிக்கு ரயில் ஏறினார், ஏறினவர் சும்மா வரல, எலக்ட்ரான் தானே ஒரு விர்ச்சுவல் போட்டான விட்டு தானே திரும்ப வாங்கிக்குதுல்ல, அதுக்குக் கணக்கு போட ஆரம்பிச்சுட்டார். அதுவரைக்கும் போட்டவங்களுக்கெல்லாம் விடை முடிவிலி. இவரு, அணுல கட்டுப்படாம தனியா திரியுற எலக்ட்ரானுக்கும் அதே கணக்கு வரும்ல, அத கழிச்சார், விடை 1040 மெகாஹெர்ட்ஸ்! ஒரு பெருக்கு எண்ல மட்டும் சந்தேகம், ஸ்கெனெக்டடில இருக்கிற ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி லைப்ரரிக்குப் போய் புக்க எடுத்துப் பாத்துதான் உறுதி பண்ணிக்கிட்டார். லைப்ரரி! வாசகர் வட்டத்துக்காரங்க கைதட்டலாம்.

கேசிமிர் விசைக்கு நேரமில்ல, தலைவர் மணியப் பாக்குறார். ஆராய்ச்சி பத்தி ஒரு வார்த்தை. 1960கள் கடைசில ஸ்டான்ஃபோர்ட்ல எலக்ட்ரான புரோட்டான் மேல அடிச்சாங்க, அந்த எலக்ட்ரான் விட்ட விர்ச்சுவல் போட்டான்தான் உள்ள போய் புரோட்டானுக்குள்ள இருக்கிற குட்டித் துகள், அதான் குவார்க், அத காட்டிக் குடுத்துச்சு. அமெரிக்காவுல ஜெஃபர்சன் லேப்ல அதே வழிலதான் இன்னிக்கும் புரோட்டான குடையுறாங்க. நெருப்பில்லாம புகையாது.

இப்ப கவுன்சிலர் அம்மாகிட்ட நேரா கேக்குறேன். பிளஸ் டூ பிராக்டிகல்ல ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கு, ஒளிய நிறம் நிறமா பிரிக்கிற கிரேட்டிங் இருக்கு, மெர்குரி விளக்கு இருக்கு, அந்த ஒளிய பிரிச்சா கலர் கலரா கோடு தெரியும், அணுவோட ஆற்றல் நிலை கண்ணுக்குத் தெரியுற இடமே அந்தக் கோடுகள்தான். எனக்குத் தெரிஞ்ச ஒரு பள்ளிக்கூடத்துல அது பீரோவுக்குள்ள இருக்கு, பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னாடிதான் சாவி வெளிய வரும், பிள்ளைங்க ரீடிங்க எடுக்காம மனப்பாடம் பண்ணுது! லாம்ப் மனப்பாடம் பண்ணியா 1000 மெகாஹெர்ட்ஸ கண்டுபிடிச்சார்? சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் லேப் திறந்திருக்கட்டும். சொல்லிக்குடுக்க நாங்க வர்றோம், பல்பு ஃப்யூஸ் போனா நாங்களே வாங்கித் தர்றோம். வாசல்ல மனு வெச்சிருக்கோம், போறப்ப எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.