நூலைப் போல சேலை

(கைத்தறி நாள் விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்டு மைக் கட்டிய வாசகர் வட்டத் தம்பிகளே, தறியை நிறுத்திவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பளபளக்கும் பாலியெஸ்டர் பொன்னாடை போர்த்தாமல் சென்னிமலைத் துண்டு போர்த்தினீர்கள். அதற்குத் தனியாக ஒரு வணக்கம்.

லாவோஸ் நாட்டில் நான் விருந்தாளியாகப் போன ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சடங்கு, சாப்பாடு, ஆட்டம் என்று மூன்றையும் சொல்கிறேன். "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று என் பாட்டி சொல்வார். அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

என் மகன் அந்த நாட்டுத் தலைநகர் வியன்டியானில் வேலை பார்த்தபோது, உடன் வேலை செய்த பெண்ணுக்குக் கல்யாணம். லுவாங் பிரபாங் பக்கம் ஒரு கிராமம். மாப்பிள்ளை குடை பிடித்து, பாட்டும் மேளமுமாகப் பெண் வீட்டுக்கு ஊர்வலம் வந்தார். வாசலில் பெண் வீட்டார் வழியை மறித்துவிட்டார்கள். பணம் கொடு, அரிசிச் சாராயம் ஒரு வாய் குடி, அப்புறம்தான் உள்ளே! நம் ஊர் மச்சினிகள் செருப்பை ஒளித்து வைப்பார்களே, அதே கலகலப்பு. மணப்பெண்ணின் தங்கை மாப்பிள்ளையின் காலைக் கழுவிவிட்டாள்.

உள்ளே நடுக்கூடத்தில், வாழை இலையைக் கூம்பு கூம்பாக மடித்து, பூச்செருகி, கோபுரம் போல ஒன்று வைத்திருந்தார்கள். பா குவான் என்று பெயர். அதிலிருந்து வெள்ளைப் பருத்தி நூல்கள் தொங்கின. மனித உடம்பில் 32 குவான், அதாவது உயிர்க்காவல்கள், இருக்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. அவை அலையப் போய்விடுமாம். மோ போன் என்கிற பெரியவர் ஓதி ஓதி அவற்றைத் திரும்ப அழைக்கிறார். சுற்றி இருப்பவர்கள் அந்தக் கோபுரத்தைத் தொட வேண்டும். கை எட்டாதவர் முன்னால் இருப்பவரின் முழங்கையைத் தொட்டால் போதும். கடைசி வரிசையில் இருந்த நானும் முன்னால் இருந்த ஒரு பெண்ணின் முழங்கையைத் தொட்டுக்கொண்டேன். முன்பின் தெரியாத வீடு. அந்த நிமிஷத்தில் நானும் அந்தக் குடும்பத்தில் ஒருத்தி.

பிறகு எல்லோரும் எல்லோருக்கும் நூல் கட்டினார்கள். ஒரு பாட்டி என் மணிக்கட்டில் நூலை வெளிப்பக்கமாகத் தடவினார், கெட்டது போகட்டும் என்று. உள்பக்கமாகத் தடவினார், நல்லது வரட்டும் என்று. முடிச்சுப் போட்டார். மூன்று நாளாவது கட்டியிருக்க வேண்டும். அவிழ்க்கலாம், கத்தரிக்கோல் வைக்கக் கூடாது என்று மகன் மொழிபெயர்த்தான்.

முடிச்சுப் போட்டு முடித்த அந்த விரல்கள் என் சேலைத் தலைப்புக்குப் போயின. கரையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார். "யார் நெய்தது?" என்று கேட்டார். கடைப் பெயர் சொன்னேன். அவர் கேட்டது அதை அல்ல. மணப்பெண் கட்டியிருந்த சின் பாவாடையைக் காட்டினார்: நாகம் ஓடும் கரை, அவள் அம்மா நெய்தது. என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கால் நட்டு உயர்த்திக் கட்டிய வீட்டின் அடியில் நின்ற தறியையும் காட்டினார். அந்த நாக நெசவை 2023இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் இருக்கட்டும், அந்த வீட்டில் நூலுக்குப் பெயர் இருந்தது. என் சேலையை நெய்தவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. நூலைப் போல சேலை என்று ஆயிரம் முறை சொன்ன வாய், பதில் இல்லாமல் நின்றது.

நாம் பத்திரிகை அடிக்கிறோம். தாய்மாமன் பெயர், பெரியப்பா பெயர், படித்த பட்டம் எல்லாம் போடுகிறோம். கூறைப்புடவையை நெய்தவர் பெயரை ஒரு வரி போட்டால் என்ன? பல நாள் குழித்தறியில் கால் மாற்றி மாற்றி மிதித்தவர் அவர். செயலாளர் ஐயா, சங்கத்தில் விற்கும் ஒவ்வொரு முகூர்த்தச் சேலையோடும் நெய்தவர் பெயரையும் ஊரையும் எழுதி ஒரு சீட்டு வையுங்கள். தலைவர் ஐயாவும் இதற்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒட்டரிசிச் சோறும் லாம்வோங் ஆட்டமும் இன்னொரு நாளைக்கு. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தை மாதம் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள். பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் நெசவாளர் பெயரை நாங்களே விசாரித்துத் தருகிறோம். நன்றி, வணக்கம்.