முதல் வருடச் சட்டப் படிப்பு: தண்டனைச் சட்டக்கோவையைப் பாடமாக்கிவிட்டு வரவா?

அடுத்த கேள்வி வவுனியாவில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. உயர்தரம் தமிழில் எழுதி, கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறார். வகுப்பு தொடங்க முதல் தண்டனைச் சட்டக்கோவையைப் பாடமாக்கலாமா, ஆங்கிலத்தை எப்படிச் சமாளிப்பது, வெள்ளவத்தையில் தங்கலாமா என்று கேட்கிறார்.

பாடமாக்க வேண்டாம் தங்கச்சி. அது 1883ஆம் ஆண்டுச் சட்டம், நானூறுக்கும் மேல் பிரிவுகள். அனுபவமுள்ள சட்டத்தரணிகளே புத்தகத்தை விரித்துப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். பரீட்சையில் ஒரு கதையைத் தந்து கேட்பார்கள். ஒருவன் தன்னுடையது என்று நினைத்து நண்பனின் சைக்கிளை எடுத்துப் போகிறான், இது களவா? களவின் வரைவிலக்கணம் முழுவதும் தெரிந்தாலும், அதில் நேர்மையற்ற எண்ணம் என்ற பகுதிதான் இங்கே முக்கியம் என்று பிடிக்கத் தெரியாவிட்டால் புள்ளி வராது. டியூஷன் குறிப்பைப் பாடமாக்கி ஒப்புவித்த பழக்கம் இங்கே காலை வாரிவிடும்.

இன்னொன்று, இணையத்தில் இங்கிலாந்து விரிவுரைகளைப் பார்த்துத் தயாராகிறவர்கள் கவனம். ஒப்பந்தச் சட்டத்தையே எடுங்கள். பதிலுக்கு எதுவும் தராத வாக்குறுதி, உறுதிப் பத்திரமாக (deed) எழுதி முடிக்காவிட்டால், பொதுவாகச் செல்லாது என்று அங்கே படிப்பிப்பார்கள். பதிலுக்குத் தரும் அந்த ஒன்றுக்குத்தான் கொன்சிடரேஷன் (consideration) என்று பெயர். நமக்கு அடிப்படை, ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டம். ஒரு தார்மீகக் கடமைக்காக நன்றாக யோசித்துக் கொடுத்த வாக்கும் கட்டுப்படுத்தும் என்று ஜயவிக்ரம எதிர் அமரசூரிய வழக்கில் அப்போது நமக்கு உச்ச மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1918இல் சொல்லிவிட்டது. அதே நேரம் பொருள் விற்பனைக்கு 1896ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அது இங்கிலாந்துச் சட்டத்தை ஒட்டியது. யாழ்ப்பாணத்துக் காணி என்றால் அங்குள்ள தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையும் வந்து நிற்கும். எந்த விடயத்துக்கு எந்தச் சட்டம் என்று பிரிப்பதற்கே முதல் வருடத்தில் பாதி மண்டை காயும். எனக்கு அதுதான் இந்தப் படிப்பில் பிடித்த பகுதி, அது வேறு கதை.

ஆங்கிலத்துக்கு, நம் நாட்டுப் பழைய தீர்ப்புகளின் தொகுப்பான நியூ லோ ரிப்போர்ட்ஸில் (New Law Reports) இருந்து கிழமைக்கு ஒரு சின்னத் தீர்ப்பை எடுங்கள். என்ன நடந்தது, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி என்ன, முடிவு என்ன, ஏன்? நான்கையும் முதலில் தமிழில் எழுதுங்கள். அப்புறம் அதையே எளிய ஆங்கிலத்தில். பெரிய சொல் எதுவும் வேண்டாம். விரிவுரையாளர்கள் தேடுவது அந்த "ஏன்"தான்.

கொழும்புக்கு வந்ததும் ஒரு நாள் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போய், திறந்த நீதிமன்றம் ஒன்றில் பின் வாங்கில் இருங்கள். போனை நிறுத்திவிட்டுப் போங்கள். நீதவான் நீதிமன்றத்தில் சிங்களம்தான் ஓடும், ஆகவே சிங்களத்தையும் இப்போதே கொஞ்சம் தொடங்குவது நல்லது.

வெள்ளவத்தை? தாராளமாகத் தங்கலாம். பஸ் வசதியும் தமிழ்ச் சாப்பாடும் இருக்கிறது, வாடகைதான் கூட. இரண்டு மூன்று பேர் சேர்ந்து அறை எடுத்தால் கட்டுப்படியாகும். சரி, அடுத்த கேள்வி.