பற்றரி இல்லாத கார்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வயல் வேலையும் அலுவலக வேலையும் முடித்து வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் கிளிநொச்சிப் பெரியோர்களே, வணக்கம். சிறுவயதில் நம்மை அதிகம் ஏமாற்றியது கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருளா, கையால் செய்த விளையாட்டுப் பொருளா என்பது இன்றைய தலைப்பு. கடையில் வாங்கியதே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், நுங்கு வண்டில் இரண்டு நாளில் பிரிந்து போனது, பட்டம் பனையில் சிக்கிக் கிழிந்தது, ஆகவே கையால் செய்தவையே நம்மை அதிகம் அழவைத்தன என்றார். அழவைத்தது உண்மை, ஏமாற்றியது என்பதை நான் ஏற்கமாட்டேன். நுங்கு குடித்தபின் எஞ்சிய கோம்பைகள் இரண்டைத் தடியில் கோத்து, கவர் விட்ட இன்னொரு தடியால் தள்ளிக்கொண்டு ஒழுங்கை முழுவதும் ஓடியவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருப்பீர்கள். மூன்றாம் நாள் வெயிலில் கோம்பை வற்றும், துளை அகலும், சில்லு ஒரு பக்கம் சரிந்து ஆடும். அது ஏன் ஆடுகிறது என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். பனையடியில் வேறு கோம்பைகள் கிடக்கும். தன்னால் முடியாத எதையும் அந்த வண்டில் தருவதாகச் சொன்னதில்லை.

கடைப் பொருள் அப்படியல்ல. வற்றாப்பளை அம்மன் பொங்கலில் அழுது வாங்கிய கைக்கடிகாரத்தின் முட்கள் அச்சடிக்கப்பட்டவை என்பதை வீடு வந்த பிறகுதான் கண்டேன். அதைக்கூட நான் மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது ஒரு சிவப்புக் கார்.

1995ஆம் ஆண்டளவில், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, வவுனியாவுக்குச் சென்ற அப்பா அதை வாங்கி வந்தார். போர்க்காலத்தில் அரசு விதித்த, 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் நம் வன்னிக்குள் கொண்டுவரக் கூடாத பொருட்களுள் பற்றரியும் ஒன்று என்பதை இங்குள்ள மூத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோதனைச் சாவடியில் காரை விட்டார்கள். அதனுள் இருந்த இரண்டு பென்ரோர்ச் பற்றரிகளையும் எடுத்துக்கொண்டார்கள். பெட்டியின் மேலிருந்த படத்திலோ, முன்விளக்கு எரிய, கறுத்த தார் வீதியில் அந்தக் கார் பறந்துகொண்டிருந்தது.

மின்சாரம் இல்லாத அந்நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம் அல்லவா? வானொலி பாடுமென்றால் காரும் ஓடும் என்று நம்பினோம். பெரியம்மாவின் மகன், பன்னிரண்டு வயது அண்ணா, டைனமோ வயர்கள் இரண்டையும் பற்றரிப் பெட்டியின் ஸ்பிரிங்கிலும் தகட்டிலும் பிடித்துக்கொள்ள, நான் சுற்றினேன். கார் ஓடவில்லை, உடம்பெல்லாம் நடுங்கி இரைந்தது. டைனமோவின் மின்னோட்டம் மாறி மாறித் திசை திரும்புவது, அந்தச் சிறிய மோட்டாருக்கு வேண்டியதோ ஒரே திசையில் பாய்வது, வானொலிக்கு இடையில் டயோட் வைத்து அதைச் சீராக்கினார்கள் என்பதெல்லாம் பின்னர் பௌதிகம் படித்தபோது தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது, திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகம் மட்டுமே. "அடுத்த முறை பாப்பம் பிள்ளை" என்றார். நுங்கு வண்டில் உடைந்தபோது எந்த அப்பாவும் தன் பிள்ளையிடம் அப்படிச் சொல்ல நேர்ந்ததில்லை. எதிரணியினர் இதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

அது தடையின் குற்றம், காரின் குற்றமல்ல என்று அவர்கள் சொல்லக்கூடும். தடையின் குற்றம் பெரிது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2002இல் போர்நிறுத்தம் வந்து, கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி திறந்து, கடைகளில் பற்றரி தாராளமாக வந்தபோது, ஏழு ஆண்டுகள் ஒவ்வொரு இடப்பெயர்விலும் உடுப்புப் பையில் வைத்துக் காத்த அந்தக் காருக்கு நானே பற்றரி வாங்கிப் போட்டேன். ஓடியது. நேராக ஓடிச் சுவரில் முட்டியது, திரும்பியது, மறுபடி முட்டியது. பத்து நிமிடத்தில் அதனால் செய்யக்கூடியது அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது. முற்றத்து மணலில் விட்டபோது இருந்த இடத்திலேயே சில்லைச் சுற்றிப் புதைந்தது. பற்றரி இல்லாதபோது ஏமாற்றியதைவிட, பற்றரி இருந்தும் ஏமாற்றியதுதான் எனக்கு அதிகம் வலித்தது, ஏனென்றால் அத்தனை ஆண்டும் நான் காத்திருந்தது இதற்காகவா என்று கேட்க யாரும் இருக்கவில்லை.

ஒன்பது வயதுத் தம்பி அப்போது மீன் ரின்னில் ஒரு லொறி செய்துகொண்டிருந்தான். றப்பர்ச் செருப்பில் வெட்டிய சில்லுகள் அவனுக்குத் திருப்தி தரவில்லை. என்னிடம் கேட்டான், கொடுத்தேன். காரின் நான்கு சில்லுகளையும் கழற்றி, குடைக்கம்பியில் கோத்து, ரின்னுக்குக் கீழே கட்டினான். அன்று பின்னேரம் அந்த லொறி, நூலில் இழுபட்டு, மண் ஏற்றிக்கொண்டு, வேலியோரமாகக் கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அப்பாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் அணிக்கே தருமாறு வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.