கிழங்கு வெந்தது சரி, மணி யாருடையது?

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பெரியவர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு வந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

'நியூசிலாந்து தன் தேசியக் கொடியையும் பெயரையும் மாற்ற வேண்டுமா, வேண்டாமா?' என்பது இன்றைய தலைப்பு. மாற்றத்தான் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு கதை சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் அது எங்கள் அணிக்குச் சேர வேண்டிய கதை, வழி தவறி அந்தப் பக்கம் போய்விட்டது.

தமிழ் மணிக் கதைதான். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, நியூசிலாந்தின் வடதீவில் வாங்கரே பக்கம் போகிறார். அங்கே அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அது பாத்திரமே இல்லை, விளிம்பு உடைந்த ஒரு மணி. பெருங்காற்றில் சாய்ந்த மரத்தின் வேருக்கடியில் கிடைத்தது என்று அவர்கள் சொன்னார்களாம். மணியைச் சுற்றி ஏதோ எழுத்து. பிற்பாடு படித்தவர்கள், அது தமிழ் என்றும், முகையிதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்றும் சொன்னார்கள். இன்றைக்கு வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அண்ணன் கேட்டார்: "மணியில் யார் பெயர் இருந்தால் என்ன? கிழங்கு வெந்ததா இல்லையா?" நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கப்பல் எது, எந்த ஆண்டு வந்தது, மணி எப்படி அங்கே ஒதுங்கியது என்று இன்று வரைக்கும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. யாருடையது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. ஏன்? பெயர் பொறித்திருக்கிறது! நம் வீட்டில் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுகிறோமே, எதற்கு? கல்யாண வீட்டுக்கு இரவல் போனாலும் திரும்பி நம் வீட்டுக்கே வரவேண்டும் என்றுதான். பக்கத்து வீட்டுக்காரி பெயர் வெட்டிய குடத்திலும் தண்ணீர் நிற்கும் ஐயா. அதற்காக அதை நம் குடம் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

சரி, நியூசிலாந்து என்ற குடத்தைத் திருப்பி, யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று பார்ப்போம். சீலாந்து என்பது நெதர்லாந்தில் ஒரு மாகாணம். 1642 டிசம்பரில் டச்சு மாலுமி ஏபல் டாஸ்மன் இந்தக் கரையைப் பார்த்தார். மாவோரிகளோடு மோதல் வந்து அவருடைய ஆட்கள் நான்கு பேர் இறந்தார்கள். மனிதர் கரையில் கால்கூட வைக்காமல் போய்விட்டார். போகிற போக்கில் 'ஸ்டேட்டன் லாண்ட்' என்று ஒரு பெயர் வைத்தார், தென் அமெரிக்காவின் முனையில் இருக்கிற அதே பெயர்கொண்ட நிலத்தோடு இது ஒட்டியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு. அது தப்பு என்று தெரிந்ததும், வரைபடம் போடுகிற டச்சுக்காரர்கள் அதை எடுத்துவிட்டுத் தங்கள் மாகாணத்தின் பெயரைப் போட்டார்கள். பிறகு ஆங்கிலேயர்கள் வந்து எழுத்துக்கூட்டலை மாற்றினார்கள். ஆக, 'காலங்காலமாக இருக்கும் பெயரை மாற்றலாமா' என்று எதிரணி கண்கலங்குகிற இந்தப் பெயரே மாற்றிய பெயர்தான். டச்சுக்காரன் மாற்றலாம், ஆங்கிலேயன் மாற்றலாம், அங்கே குடியிருப்பவன் மட்டும் மாற்றக் கூடாதா?

கொடிக்கு வருகிறேன். எனக்கு அங்கே குடியுரிமை கிடைத்த அன்று, கையில் ஒரு சின்னக் கொடியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா தஞ்சாவூரில் இருக்கிறார். உடனே போன். "ஏன்டி, ஆஸ்திரேலியா போயிட்டீங்களா? சொல்லவே இல்லையே!" இல்லம்மா, அவர்களுக்கு ஆறு நட்சத்திரம், வெள்ளை, எங்களுக்கு நான்கு, சிவப்பு என்று விளக்கினேன். அம்மா படத்தைப் பெரிதாக்கி நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "மூலையில வெள்ளைக்காரன் கொடி இன்னும் இருக்குதே, அதை எடுக்கலையா?" என்றார். நடுவர் அவர்களே, அத்தோடு என் பேச்சை முடித்துக்கொண்டிருக்கலாம்.

அம்மாவை விடுங்கள். 1980-களில் ஆஸ்திரேலியப் பிரதமர் பாப் ஹாக் கனடா போனபோது, ஒட்டாவாவில் அவரை வரவேற்க நியூசிலாந்துக் கொடியை ஏற்றி வைத்தார்கள். ஒரு நாட்டின் அரசாங்கத்துக்கே அடையாளம் தெரியாத கொடி. 1869-ல் ஆல்பர்ட் மார்க்கம் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, அரசுக் கப்பல்களுக்காக வரைந்து கொடுத்த வடிவம் அது. தேசியக் கொடியானது 1902-ல். அதற்கு முன்னாலேயே, 1834-ல், வைத்தாங்கியில் 25 மாவோரித் தலைவர்கள் கூடி, மூன்று கொடிகளை முன்னால் வைத்து வாக்கெடுத்து, 12-10-3 என்ற கணக்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். சொந்தக் கொடி இல்லாததால் அங்கே கட்டிய கப்பலை சிட்னியில் பிடித்து வைத்துக்கொண்டதுதான் காரணம். 1840-ல் பிரிட்டிஷ் அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தானதும் அந்தக் கொடி இறங்கி பிரிட்டனின் யூனியன் ஜாக் ஏறியது. ஹோனே ஹெக்கே என்ற மாவோரித் தலைவரும் அவர் ஆட்களும் கொரொராரேக்கா என்ற ஊரில் அந்தக் கொடி பறந்த கொடிமரத்தை ஒரு தடவை இல்லை, நான்கு தடவை வெட்டிச் சாய்த்தார்கள். கொடி வெறும் துணிதானே என்றார் எதிரணி அக்கா. துணிக்காகவா நான்கு முறை கோடரி தூக்குவார்கள்?

இப்போது எதிரணியின் பெரிய ஆயுதம். "மக்களைக் கேட்டாகிவிட்டது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்று மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். உண்மை. 2016 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் 56.73 சதவீதம் பேர் பழைய கொடி, 43.27 சதவீதம் பேர் புதிய கொடி. மறைக்கவில்லை. ஆனால் எப்படிக் கேட்டார்கள் என்று பாருங்கள். பொதுமக்களிடமிருந்து 10,292 வடிவங்கள் வந்தன. அதில் ஒன்றில், கிவிப் பறவை கண்ணிலிருந்து பச்சை லேசர் பாய்ச்சுகிறது! உலகமே சிரித்தது. ஒரு குழு உட்கார்ந்து அதை 40 ஆக்கி, பின் நான்காக்கி, சண்டை வந்து ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்து, 2015 கடைசியில் முதல் வாக்கெடுப்பு. கைல் லாக்வுட் என்பவர் வரைந்த, கருப்பு நீலத்துக்கு நடுவே வெள்ளிப் பெரணி இலை போட்ட வடிவம் வென்றது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் அணித்தலைவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை: எனக்கே அது பிடிக்கவில்லை. கடைசி நேரத்தில் கல்யாணப் பத்திரிகையில் எல்லாச் சாமி படமும் வேண்டும் என்று சேர்த்த மாதிரி இருந்தது. அப்புறம், இதை முன்னின்று நடத்தியவர் பிரதமர் ஜான் கீ. அவரைப் பிடிக்காதவர்கள் அவர் கொடியையும் பிடிக்கவில்லை என்றார்கள். மாப்பிள்ளையைப் பிடிக்காதவர்கள் கல்யாணச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்வதில்லையா, அதேதான். இத்தனைக்கும் நடுவில் 43 பேர் நூற்றுக்கு மாற்று என்றார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பெயரைப் பற்றியோ அந்தச் சீட்டில் யாரும் கேட்கவே இல்லை.

போர்வீரர்கள் இந்தக் கொடிக்குக் கீழ் உயிர் விட்டார்கள் என்று அண்ணன் சொன்னபோது அவை அமைதியாகிவிட்டது. அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் அந்த வீரர்களின் கல்லறைகளைப் பார்த்தால் ஒன்று தெரியும். நியூசிலாந்து வீரனின் கல்லில் செதுக்கியிருப்பது கொடி இல்லை, பெரணி இலை. கனடாவிலும் இதே வாதம் 1964-ல் வந்தது. பல மாதம் சண்டை போட்டு, நாடாளுமன்றத்தில் 163-க்கு 78 என்று முடிவெடுத்து, 1965 பிப்ரவரியில் மேப்பிள் இலைக் கொடியை ஏற்றினார்கள். அதனால் கனடா தன் பழைய வீரர்களை மறந்துவிட்டதா?

பிஜிக்காரர்கள் கொடியை மாற்றப்போய் நிறுத்திவிட்டார்களே என்றும் கேட்டார்கள். ஆமாம், 2016 ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பிப் போட்டியில் தங்கம் வென்றார்கள், அவர்களுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம். ஊரெல்லாம் மக்கள் கொடியைப் போர்த்திக்கொண்டு ஆடியதைப் பார்த்துப் பிரதமர் பைனிமராமா திட்டத்தைக் கைவிட்டார். நல்ல அளவுகோல், நான் ஏற்றுக்கொள்கிறேன். அதே அளவுகோலை இங்கேயும் வையுங்கள். நியூசிலாந்து ரக்பி ஆட்டத்தன்று மைதானத்தில் மக்கள் எதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்? கருப்புத் துணியில் வெள்ளிப் பெரணி. பிஜியில் மக்கள் கையிலிருந்த கொடி அரசாங்கக் கொடி. இங்கே இரண்டும் வேறு வேறு.

பெயருக்கு மாற்று என்ன? ஆவோதெயரோவா. நீண்ட வெண்மேகம் என்று பொருள் சொல்வார்கள். முன்பு அது வடதீவை மட்டும்தான் குறித்தது, தென்தீவுக்குத் தெ வாய்பொவுனாமு என்று தனிப்பெயர் இருக்கிறது என்று எதிரணி அக்கா எடுத்துச் சொன்னார். நியாயமான கேள்வி, இங்கேதான் எங்கள் வாதம் கொஞ்சம் தடுமாறும். தென்தீவு மாவோரிகளோடு உட்கார்ந்து பேசித்தான் இதைத் தீர்க்க வேண்டும். ஆனால் ஒன்று: ஒரு தீவின் பெயர் முழு நாட்டுக்குப் பொருந்தாது என்றால், பூமியின் மறுபக்கத்தில் இருக்கிற ஒரு மாகாணத்தின் பெயர் எப்படி ஐயா பொருந்துகிறது?

பெயரை மாற்றினால் நியூசிலாந்துப் பால்பவுடர் விற்காது, உலகச் சந்தையில் பெயர் போய்விடும் என்பதற்கு நீளமாகப் பதில் வேண்டாம். இலங்கை 1972-ல் சிலோன் என்ற பெயரை விட்டது. இன்றைக்கும் கடையில் 'சிலோன் டீ' விற்கிறது.

பெயரை மாற்றி என்ன கண்டீர்கள் என்ற கேள்வி நமக்குப் புதிதில்லை. 1963-ல் மாநிலங்களவையில் 'தமிழ்நாடு' என்று பெயர் மாற்றச் சொன்னபோது அண்ணாவிடம் இதைத்தான் கேட்டார்கள். பார்லிமென்டை லோக்சபா என்று மாற்றி நீங்கள் என்ன கண்டீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கு ஏழு வருடம் முன்னால் அதே பெயருக்காக 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டவர் சங்கரலிங்கனார். 1969 பொங்கலன்று பெயர் மாறியது. இன்றைக்கு 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று யாராவது சொன்னால் பிள்ளைகள் எந்த பேங்க் என்று கேட்கும்.

1999 ரக்பி உலகக் கோப்பை. லண்டன் ட்விக்கனம் மைதானம், இங்கிலாந்தோடு ஆட்டம். ஹினெவேஹி மோஹி என்ற பாடகி தேசிய கீதத்தை மாவோரி மொழியில் மட்டும் பாடிவிட்டார். ஊரில் ஒரே கூச்சல், வானொலிக்குப் போன் மேல் போன், ஆங்கிலத்தில் ஏன் பாடவில்லை என்று. இன்றைக்கு? முதலில் மாவோரி, பிறகு ஆங்கிலம். என் மகளுக்கு மாவோரி வரிகள் மனப்பாடம், ஆங்கிலப் பகுதி வந்தால்தான் முணுமுணுக்கிறாள். அந்த மாவோரிப் பாடலுக்கு என்ன தலைப்பு தெரியுமா? 'ஆவோதெயரோவா'. கடவுச்சீட்டின் அட்டையிலும் இரண்டு பெயரும் இருக்கிறது, எது மேலே எது கீழே என்பதில்தான் தகராறு. பெயரை மாற்றக் கோரி 2022-ல் 70,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு நாடாளுமன்றத்தில் கொடுத்தார்கள்.

எங்கள் அணி கேட்பது இவ்வளவுதான். பெயரையும் கொடியையும் தனித்தனியாகப் பிரிக்காமல், ஒரே சீட்டில் மறுபடி கேளுங்கள். இந்த முறை பிரதமர் ஓரமாக நிற்கட்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேசட்டும். கடவுச்சீட்டு காலாவதியாகும்போது புதிதில் மாற்றிக்கொள்ளலாம், ஒரே இரவில் எல்லாவற்றையும் கொளுத்தச் சொல்லவில்லை. போன தடவை 2 கோடியே 60 லட்சம் டாலர் செலவு என்று அண்ணன் வயிற்றெரிச்சல் பட்டாரே, அதில்...

மணி அடித்துவிட்டீர்கள். அது யாருடைய கப்பல் மணி என்று நான் கேட்கவில்லை நடுவர் அவர்களே, உட்கார்ந்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.